பூங்கா வாசலில்: வாசகர் கேள்வி–பதில்

ஆகஸ்டு, செப்டம்பரில் பூங்கா சுற்றுவது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நம்மூரில் ‘தோட்டம்’ என்றால் எஸ்டேட் நினைவுக்கு வந்துவிடும் என்பதால், பொதுமக்கள் பார்க்கும் இடங்களைப் பூங்கா என்றே எழுதுகிறோம்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் குடும்பத்தோடு ஆகஸ்டு கடைசியில் வருகிறார். “கோடை முடியும் நேரத்தில் பினாங்கு பூங்காக்களில் என்ன பூத்திருக்கும்?” என்று கேட்கிறார். தண்ணீர்மலைக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். என்ன பதில் சொல்வது? – வாசகி, பிறை

கோடை முடிவு என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைதான் வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். அதனால் இங்கே எந்த மாதம் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதே முக்கியம். நாத்தனாரிடம் அப்படியே சொல்லிவிட்டு, காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுங்கள்.

தண்ணீர்மலைப் பூங்கா, அதாவது பினாங்கு தாவரவியல் பூங்கா, 1884இல், பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகஸ்டு இறுதியில் சூரியன் ஏழு மணி தாண்டித்தான் எட்டிப்பார்க்கும். ஏழேகாலுக்கு வாசலில் இருந்தால் ஒன்பதரை வரை சுகமாக நடக்கலாம். அதற்குப் பிறகு வெயிலும் புழுக்கமும் சேர்ந்து விருந்தாளிகளைச் சுருட்டிவிடும்.

முதலில் காட்ட வேண்டியது நாகலிங்க மரம். சிவன் கோயில் மரம் என்று நாம் உரிமை கொண்டாடினாலும் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். பூ கிளை நுனியில் வராது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். ஆறு இதழ், நடுவே சிறு மேடு, அதன்மேல் படம் விரித்தது போல் மகரந்தக் கூட்டம். மணம் இரவிலும் விடியற்காலையிலும்தான் தூக்கலாக இருக்கும். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள். பதினொரு மணிக்குப் போய், “வாசனையே இல்லையே” என்று திரும்புவோர்தான் அதிகம். பூவில் தேன் கிடையாது, வண்டுகள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. காய் மனிதத் தலை அளவுக்கு வளரும், கல் போல் கனக்கும். மரத்தடியில் நின்று குடும்பப் படம் எடுக்க வேண்டாம், நாலடி தள்ளி நில்லுங்கள். விழுந்து உடைந்த காயின் நாற்றத்தையும் ஒரு முறை முகர்ந்து பார்க்கலாம். பூவின் மணத்துக்கு நேர் எதிர்.

மழை விஷயம்: பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் அதிக மழை பெய்யும் மாதங்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், ஆகவே காலைத் திட்டம் தப்பித்துவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. சுமத்திரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் காற்றுமழை விடிவதற்கு முன்போ காலையிலோ அடிக்கும். மேற்கு வானம் கறுத்துக் காற்று திடீரென்று குளிர்ந்தால் வீட்டிலேயே இன்னொரு தேநீர் குடியுங்கள். வழக்கமாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த உடனே தூங்குமூஞ்சி மரம் போன்ற பெரிய மரங்களின் கீழ் நிற்காதீர்கள். நீரைக் குடித்த கிளைகள் காற்று நின்ற பிறகும் முறிந்து விழும்.

போன தடவை தண்ணீர்மலைக்குப் போனபோது குரங்கு என் மகன் கையிலிருந்த பையைப் பிடுங்கிவிட்டது. பையில் ரொட்டிகூட இல்லை, மாற்றுச் சட்டைதான். ஏன் எங்களை மட்டும்? – வாசகர், ஆயர் ஈத்தாம்

அது பிளாஸ்டிக் பையாக இருந்திருக்கும். குரங்குக்கு உள்ளே இருப்பது சட்டையா சாப்பாடா என்று தெரியாது. கசகசவென்ற சத்தமும் கையில் தொங்குவதும் சேர்ந்தால் தீனி என்று கற்றுவைத்திருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்கள் கடலை போட்ட மனிதர்கள்தாம். அங்கே குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம் உண்டு.

முதுகுப்பை ஒன்றே போதும். ஜிப்பை முழுக்க மூடி, குரங்கு தெரிந்ததும் முன்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் உள்ளேதான், பக்கவாட்டு வலைப்பையில் அல்ல. நாசி லெமாக் பொட்டலத்தைக் காடியிலேயே விட்டுவிடுங்கள். குரங்கின் கண்ணை நேராகப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பது. பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: பயத்தில் சிரித்துவிட்டு ஓடுவார்கள். ஓடினால் துரத்தும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கச் சொல்லிக்கொடுங்கள். பிடுங்க வந்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவே நிற்கவே கூடாது.

கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். எந்த ஊசி தேவை என்பதை அவர் முடிவு செய்வார்.

இன்னொரு குரங்கும் அங்கே உண்டு. கண்ணாடி போட்டது போல் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கரும்சாம்பல் உடம்பு. மலாயில் லோத்தோங் என்பார்கள். அதன் பிறந்த குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அது நம் கையை எதிர்பார்க்காது. மாட்டைப் போல இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. ரொட்டியும் இனிப்புப் பழமும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. தெலுக் பகாங் மூலிகை, வாசனைச் செடிப் பூங்காவா, தண்ணீர்மலையா? – வாசகி, ஜெலுத்தோங்

முழங்கால்தான் கவலை என்றால் தண்ணீர்மலை. உள்ளே இரண்டு வட்டச் சாலைகள் உண்டு. கீழ்ச்சாலை தார் போட்டது, சரிவு குறைவு. மேல்சாலைப் பக்கம் போக வேண்டாம்.

தெலுக் பகாங்கில் இருக்கும் டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டன், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தில் 2003இல் திறந்தது. மலைச்சரிவு என்பதால் படிகள் நிறைய, மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். கட்டணம் உண்டு. ஆனால் அம்மாவுக்குச் சமையலறைப் பேச்சு பிடிக்கும் என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை: மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் எல்லாம் செடியாக, மரமாக நிற்கும். வழிகாட்டியோடு சுற்றுவதற்குப் பதிவு செய்யுங்கள். பிளந்த ஜாதிக்காயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போல இருப்பதுதான் ஜாதிபத்திரி. உலர்ந்து பழுப்பாகி அஞ்சறைப்பெட்டிக்கு வருவது அதுவே. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் கீழ் நின்று காய் தேட வேண்டாம். ஜார்ஜ்டவுனிலிருந்து 101ஆம் எண் பஸ் அந்த வழியாகப் போகும். ஊன்றுகோல் இருந்தால் எடுத்துச்செல்லுங்கள்.

கோலாலம்பூர் லேக் கார்டனில் செம்பருத்திப் பகுதிக்கு ஞாயிறு மாலை போனோம். எல்லாம் சுருண்டு கிடந்தது. பராமரிப்புச் சரியில்லையா? – வாசகர், செந்தூல்

பராமரிப்பைக் குறை சொல்ல வேண்டாம். செம்பருத்தி காலையில் விரிந்து மாலையில் சுருளும், பெரும்பாலான வகைகளுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. 1960இல் தேசிய மலரான புங்கா ராயா இப்படி ஒரு நாள் ராணி! எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். ஒட்டினாற்போல் இருக்கும் ஆர்க்கிட் பகுதியைப் பிறகு பார்க்கலாம். ஆர்க்கிட் மலர்கள் வாரக்கணக்கில் நிற்பவை, அவசரம் இல்லை.

1888இல் தொடங்கிய அந்த இடத்தின் இன்றைய பெயர் பெர்டானா தாவரவியல் பூங்கா. ஞாயிறு காலையில் காடியை நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும். எம்.ஆர்.டி.யில் மூசியும் நெகாரா நிலையத்தில் இறங்கி நடந்துவிடுவது மேல். ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகிய இரு விடுமுறை நாள்களையும் தவிர்த்துவிடுங்கள்.

குளிர்சாதனக் காடியிலிருந்து இறங்கியதும் கேமரா லென்ஸ் பனி மூடிவிடுகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. – வாசகர், கிள்ளான்

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. துடைப்பதால் பயனில்லை, கண்ணாடி சூடாக வேண்டும். கேமராவை மூடிய பையில் வைத்துக் காடியின் பின்பெட்டியில் கொண்டுவாருங்கள். இறங்கிய பிறகும் பையிலேயே 15, 20 நிமிடம் விட்டுவிட்டுத் திறங்கள்.

புகைமூட்டம் வந்தால் போகலாமா? – வாசகி, பத்துமலை

ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் புறப்படும் முன் பாருங்கள். 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 தொட்டாலே உடல்நலத்துக்குக் கேடு என்று வகுத்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் 100ஐ நெருங்கும்போதே திட்டத்தைத் தள்ளிப்போடலாம். மலையேறும் பூங்காக்களை எல்லாருமே விட்டுவிடுங்கள், மூச்சு வாங்க நடக்கும்போது உள்ளே போகும் புகையும் கூடுகிறது.

நான் போகப்போவது எதிர்த்திசையில்! ஆகஸ்டு கடைசி வாரமும் செப்டம்பர் பாதியும் லண்டனில் மகளோடு இருப்பேன். ரோஜாக் காலம் முடிந்திருக்குமாமே. பூங்கா பார்க்கப் போவது வீணா? – வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

ரோஜாவின் உச்சம் ஜூன், அது போய்விட்டது உண்மை. அங்கேதான் மாதம் பேசும். ஆகஸ்டு இறுதி டேலியாவின் காலம். கூடவே ஜப்பானிய அனிமோன், ஹைட்ரேஞ்சியா, காற்றில் அசையும் அழகுப் புல்கள். செப்டம்பரில் ஆஸ்டர் பூக்கத் தொடங்கும். ஆக, வீண் இல்லை.

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பனை வீடு எனப்படும் பெரிய கண்ணாடி மாளிகையில் பாதி நேரத்தைச் செலவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் வியக்கும் வாழையும் பனையும் நம் வீட்டுப் பின்புறத்தில் நிற்பவை. 320 மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் பூப்பாத்தி போட்ட அகல நடைபாதையில் நடங்கள். ராட்சத அல்லி இருக்கும் இடத்தை வாசலில் கேட்டுப் பாருங்கள். அதில் பொலிவிய வகை 2022இல்தான் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது, இலை மூன்று மீட்டருக்கும் அதிகமாக விரியும். பூ முதல் இரவு வெள்ளை, மறு இரவு இளஞ்சிவப்பு.

நமக்கு அங்கே இன்னொரு உறவும் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் கியூவுக்கு வந்தன. எண்ணெய்ப் பசையுள்ள விதை, சீக்கிரம் கெட்டுவிடும். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போக, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து, ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் தாத்தா பாட்டிகள் விடியலில் சீவிய பால்மரங்களின் பாதை அந்தக் கண்ணாடி வீடுகள் வழியாகத்தான் வந்தது.

பெரிய பூங்கா போதும் என்று இருந்துவிடாதீர்கள். நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற அறக்கட்டளை 1927இலிருந்து தனியார் வீட்டுத் தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. முதல் ஆண்டு 609 தோட்டங்கள், ஆளுக்கு ஒரு ஷில்லிங். இன்று மூவாயிரத்துக்கும் மேல். திரட்டும் பணம் தாதியர் சேவை அமைப்புகளுக்குப் போகிறது. ஒரு வீடு ஆண்டில் ஒன்றிரண்டு நாள் மட்டுமே திறக்கலாம். அதனால் இடத்தைத் தேர்ந்துவிட்டுத் தேதி பார்க்காமல், தேதியைப் போட்டு எந்த வீடு திறந்திருக்கிறது என்று தேடுங்கள். சில வீடுகளுக்கு முன்பதிவு வேண்டும், பல இடங்களில் கழிப்பறை இராது. தேநீரும் கேக்கும் பெரும்பாலும் கிடைக்கும். கேக் மேசையில் குளவி மொய்க்கும். கோடை முடிவில் கூட்டில் புழுக்கள் குறைந்துவிடும், அவை சுரந்து தந்த இனிப்பு நின்றுபோக, குளவிகள் சர்க்கரை தேடி வெளியே வருகின்றன. இனிப்புப் பானத்தை டின்னிலிருந்து அப்படியே குடிக்காதீர்கள், கோப்பையில் ஊற்றிப் பார்த்துக் குடியுங்கள்.

ஆகஸ்டின் கடைசித் திங்கள் அங்கே பொது விடுமுறை. அந்த வார இறுதியில் ரயில் தண்டவாள வேலைகள் நடப்பது வழக்கம், நேரம் பார்த்துப் புறப்படுங்கள். நமக்கு 20 பாகை வெயிலும் குளிர்தான், ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை பையில் இருக்கட்டும்.

அங்கிருந்து டேலியா கிழங்கு நான்கைந்து எடுத்து வரலாமா? – அதே வாசகி

இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கூடாது. விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள், வழக்கும் வரலாம். விதைப் பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதோடு டேலியா நம் தாழ்நிலப் புழுக்கத்தில் இலை மட்டும் விட்டுக் கிழங்கு அழுகிப்போகும். ஆசை தீரவில்லை என்றால் கேமரன் மலையில் போய்ப் பாருங்கள், பூ அங்கே நன்றாகவே வருகிறது.