ஒரே ஏ320, இரண்டு குரல்

கேள்வி: பழைய ஏர்பஸ் ஏ320 விமானம் கீச்சென்றும் அதன் புதிய வகையான லீப் எஞ்சின் நியோ கனத்த குரலிலும் ஒலிப்பது ஏன்? கிளம்பும்போது ரம்பம் அறுப்பதுபோல் கேட்கிறதே, அது என்ன?

பதில்: எஞ்சின் முகப்பிலுள்ள விசிறியின் இதழ்களை எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும். பழைய ஏ320களில் உள்ள சிஎஃப்எம்56-5பி எஞ்சின் விசிறியில் 36 இதழ்கள். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று. அதாவது நொடிக்கு 3,000 முறை காற்றை வெட்டுகிறது. நியோவின் லீப்-1ஏ எஞ்சின் விசிறி பெரியது, ஆனால் இதழ்கள் 18தான், சுற்றும் 3,900க்குள். வெட்டு நொடிக்கு 1,200க்கும் கீழே இறங்குவதால் குரல் தடிக்கிறது.

ரம்ப ஓசை வேறு சங்கதி. இதழ் நுனி ஒலியின் வேகத்தை மிஞ்சும்போது ஒவ்வோர் இதழும் ஓர் அதிர்ச்சி அலையை முன்னோக்கித் தள்ளும். இதழ்களுக்குள் மயிரிழை வித்தியாசம் இருப்பதால் அலைகள் சீராக வராமல், சுற்றுக்கொரு முறை திரும்பும் கரகரப்பாகின்றன. எஞ்சினுக்கு முன்வரிசை இருக்கைகளில் நன்றாகக் கேட்கும். விசையைக் குறைத்ததும் அடங்கும். பழுது என்று பயப்பட வேண்டாம்.