ஐடிஐ முடித்தவர் கார் கோளாறு கண்டறியும் டெக்னீஷியன் ஆவதற்கு ஸ்கேனர் வாங்கினால் போதுமா?

ஐடிஐயில் இரண்டு ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை முடித்துவிட்டு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் வேலை பார்த்துவரும் நீங்கள், ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொண்டு கோளாறு கண்டறியும் வேலைக்கு மாறலாமா, அதற்கு முன் என்ன கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையை மட்டுமே செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக மாறலாம். ஆனால் ஸ்கேனரைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் மின்சாரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஸ்கேனர் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேசுவதற்கான இணைப்பு) அதைச் செருகினால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ தானாகப் பதிவு செய்து வைத்திருக்கும் பிழை எண்களை அது படித்துக் காட்டுகிறது. பி0171 என்ற எண் வந்தால், எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடுதலாகவும் பெட்ரோல் குறைவாகவும் இருப்பதாக இசியூ முடிவு செய்திருக்கிறது என்று பொருள். அந்தத் தகவலை இசியூவுக்குக் கொடுப்பது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் என்பதால், பல இடங்களில் உடனே அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததனால்தான் அந்த எண்ணே பதிவாகியிருக்கக்கூடும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஒரு கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படலாம். இத்தனை காரணங்களில் எது என்று ஸ்கேனர் சொல்லாது. அதைப் பிரித்தறிவதுதான் நம்முடைய வேலை.

பிரித்தறிய, எஞ்சின் ஓடும்போதே சென்சார் அளவுகளை ஸ்கேனரில் காட்டும் லைவ் டேட்டா உதவும். கலவையைச் சரிசெய்ய இசியூ எவ்வளவு சதவீதம் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை ஃபியூவல் டிரிம் என்ற அளவு காட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் அது கூட்டல் 20 சதவீதம் அளவில் நின்று, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது 5 சதவீதத்துக்கு அருகே இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். மாறாக, மேட்டில் ஏறும்போதும் லோடு கூடும்போதும் அந்தச் சதவீதம் ஏறிக்கொண்டே போனால் எரிபொருள் வரத்துப் பக்கம் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளுக்கே இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிட உதவும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டிகளில், அவை நம் ஊரில் ஏராளம், அதே கசிவு பெரும்பாலும் ஐடில் வேகம் ஏறுவதாகத்தான் வெளிப்படும். வண்டி எந்த முறையில் காற்றைக் கணக்கிடுகிறது என்று தெரியாமல் எண்களை மட்டும் படிப்பவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். ஓம் விதியை நீங்கள் ஐடிஐயில் படித்திருப்பீர்கள். அதைத் தேர்வுக்காகப் படித்ததிலிருந்து கைப்பழக்கமாக மாற்றுவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. மல்டிமீட்டரை, மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டியில் வைத்து, பீப் சத்தம் வந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று நம்புவது ஒர்க்‌ஷாப்களில் ஊறிப்போன பழக்கம். பல இழைகள் கொண்ட ஒயரில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனெனில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதே ஒயர் ஒரு பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய நேரத்தில் திணறிவிடும். ஆகவே ஒயரைச் சோதிப்பதானால் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளக்க வேண்டும். வோல்டேஜ் டிராப் எனப்படும் இந்தச் சோதனையை நன்றாகக் கற்றவர், தலைவலி தரும் கோளாறுகளில் பாதியை இதைக்கொண்டே முடித்துவிடுவார் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே நாளைக்கே இதைத் தொடங்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் ஒயரையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் அடியில் உள்ள துருவையும் பெயிண்ட்டையும் பாருங்கள். எர்த் கெட்டுப்போன வண்டியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துப் பிழை எண்கள் வரும். அவற்றில் ஒன்றுகூட எர்த் என்று சொல்லாது.

நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு எங்களிடம் வந்த ஒரு டீசல் கார், ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாமல், கோளாறின்போது இசியூ எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும் லிம்ப் மோடில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெடல் சென்சார், டர்போவின் பூஸ்ட் பிரஷர் சென்சார், ஏசி கேஸ் பிரஷர் சென்சார் ஆகிய மூன்றுக்கும் பிழை எண்கள் இருந்தன. முன்பு பார்த்தவர்கள் ஆக்சிலரேட்டர் பெடலைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதிலும் சரியாகாததால், இசியூ போய்விட்டது என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். மூன்று சென்சார்கள் ஒரே நேரத்தில் கெடுவது அரிது என்பதால் முதலில் ஒயரிங் படத்தை எடுத்து, அந்த மூன்றுக்கும் பொதுவானது எது என்று தேடினேன். இத்தகைய சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் சப்ளை கொடுக்கிறது. அந்த வண்டியில் பெடலின் இரண்டு 5 வோல்ட் லைன்களில் ஒன்றும் மற்ற இரண்டு சென்சார்களின் லைனும் ஒன்றாகவே இசியூவுக்குப் போயின. பெடலின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு அளந்தபோது, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. அந்த நிலையில் இரண்டு முடிவுகள்தாம் சாத்தியம்: ஒன்று, இசியூ கொடுக்கவில்லை, இல்லையென்றால், கொடுப்பதை யாரோ எர்த்துக்கு இழுக்கிறார்கள். மீட்டரை அங்கேயே மாட்டிவைத்துவிட்டு, சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். பூஸ்ட் சென்சாரைப் பிடுங்கியபோது மாற்றமில்லை. முன்னால் கண்டன்சர் அருகே இருக்கும் ஏசி பிரஷர் சென்சாரின் கப்ளரைக் கழற்றிய மறுநொடி மீட்டரில் 5 வோல்ட் வந்து நின்றது. கப்ளருக்குள் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. மழைத் தண்ணீர் தெறித்துத் தெறித்துச் சென்சாருக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தது. கப்ளரைச் சுத்தம் செய்து அந்த ஒரு சென்சாரை மாற்றி, எண்களை அழித்து, டெஸ்ட் டிரைவ் போய்வந்து மறுபடியும் ஸ்கேன் செய்தபோது எதுவும் திரும்பவில்லை. இதில் ஸ்கேனர் செய்த வேலை மூன்று பெயர்களைக் காட்டியது மட்டுமே. வழியைக் காட்டியது ஒயரிங் படம், முடிவைச் சொன்னது மீட்டர்.

ஒயரிங் படம் படிக்கும் பழக்கத்தை நான் இத்தனை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம், இன்றைய கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையில் இரண்டே ஒயர்களில் இந்தப் பேச்சு நடக்கிறது. ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின்னும் 14ஆம் பின்னும் அந்த இரண்டு ஒயர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றுக்கிடையே அளந்தால், இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது; பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. நடுவில் இந்தப் பேச்சைப் பிரித்து அனுப்பும் கேட்வே யூனிட் உள்ள வண்டிகளில் இந்த அளவு மாறலாம் என்பதால் அங்கும் படத்தைப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். எலி கடித்த ஒயர்களை மழைக்காலத்தில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்; ஒயரிங் முழுவதையும் அவிழ்க்காமல் இடத்தை நெருங்குவதற்கு இந்த எளிய அளவு பெரிதும் உதவுகிறது. இதற்கு அடுத்த படி, வோல்டேஜ் நொடிக்கு நொடி மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப். அதை இப்போதே வாங்க வேண்டியதில்லை. மீட்டர் போதாத இடம் எது என்று உங்களுக்கே தெரியவரும்போது வாங்கினால் போதும்.

மெக்கானிக்கல் அறிவு இனித் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம் ஷாஃப்ட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 வரும்போது, டைமிங் செயின் நீண்டுபோனதா என்று கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான். கம்ப்யூட்டர் மட்டும் படித்துவிட்டு வருபவர் இரண்டு சென்சார்களையும் மாற்றிவிட்டு நிற்பார். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களில், புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் பரவலாகிவிட்டது. நகருக்குள் சிறிய தூரமே ஓடும் வண்டிகளில் அது சூடேறிக் கரியை எரித்துக்கொள்ள வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்திக் கட்டாய ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரியை எரிக்கும் வேலையைச் செய்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் டர்போ எண்ணெய் கசிகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு சிக்கியிருக்கிறதா, ஃபில்டரின் இரு பக்க அழுத்தத்தையும் அளக்கும் சிறிய ஹோஸ் உருகியிருக்கிறதா என்று பார்க்காமல் அழுத்துவது முறையற்ற வேலை. அந்த நேரத்தில் ஃபில்டருக்குள் வெப்பம் 600 டிகிரியைத் தொடும் என்பதால், காய்ந்த புல்லோ எண்ணெய்த் துணியோ அருகில் இல்லாத இடத்தில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், வண்டி ஓட்டுபவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதற்கு இணையான சோதனை இல்லை. ஒரு பெட்ரோல் காரைக் கொண்டுவந்த அம்மா ஒருவர், "எப்பவும் இல்லீங்க, பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணினா மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றார். முன்பு பார்த்தவர்கள் இதைக் காதில் வாங்காமல் பேட்டரியையும் பிளக்குகளையும் மாற்றியிருந்தார்கள். டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால், டேங்க் நிரம்பிய உடனே அந்த ஆவி இன்டேக்கில் குவிந்து, கலவை கெட்டு, ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். அந்த வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். மூடியிருக்க வேண்டிய நிலையில் காற்று தாராளமாகப் போனது. குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, மழையிலா, ஏசி போட்டாலா, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதா என்று கேட்டு ஜாப் கார்டில் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள்.

கற்றுக்கொள்ளும் வழி என்று கேட்டால், நான் முதலில் சொல்வது கோளாறில்லாத வண்டிகளை அளந்து பழகுவதைத்தான். சர்வீஸுக்கு வரும் நல்ல வண்டிகளில் ஐடில் நேர மேப் சென்சார் அளவு, ஃபியூவல் டிரிம், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயின் பிரஷர், ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியவருக்குத்தான் கெட்டது உடனே தெரியும். பிறகு ஒரு நல்ல மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், பின்களை அகலப்படுத்தாமல் அளக்க உதவும் மெல்லிய புரோப்கள் வாங்குங்கள். மொபைலோடு இணையும் மலிவான புளூடூத் ஓபிடி கருவி படிப்புக்குப் போதும். அது பெரும்பாலும் எஞ்சின் தகவலை மட்டுமே காட்டும், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கமோ புது டீசல் இன்ஜெக்டரின் எண்ணை இசியூவில் பதியும் வேலைக்கோ உதவாது. அவற்றுக்கான ஸ்கேனரை நீங்கள் எந்த வண்டிகளை அதிகம் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தபின் வாங்குங்கள். எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களை, அதற்கான பயிற்சியும் 1,000 வோல்ட் தாங்கும் கையுறையும் இல்லாமல் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவற்றிலும் 12 வோல்ட் பக்கம் இருக்கிறது, அது நீங்கள் கற்றுக்கொண்ட முறையிலேயே இயங்குகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாகம் மாற்றினால் காசு கொடுப்பவர்கள், கண்டுபிடித்ததற்குக் காசு கொடுக்கத் தயங்குவது இன்னும் மாறவில்லை. சோதனைக் கட்டணம் தனி என்பதை வண்டியை எடுக்கும்போதே சொல்லிவிடுவதும், மீட்டர் காட்டிய அளவையும் களிம்பு பிடித்த பின்னையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்குக் காட்டுவதும்தான் நாங்கள் கண்ட வழி. அதைப் பார்த்தபின் கட்டணத்தைப் பேரம் பேசுபவர்கள் மிகவும் குறைவு. ஆகவே அடுத்த ஒர்க்‌ஷாப்பைத் தேடும்போது சம்பளத்தோடு சேர்த்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒயரிங் படங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களா, சோதனைக்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார்களா, ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில், தொடக்கச் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.