வார்டு முழுக்க நடந்தும் எடை ஏறுவது ஏன்?

கேள்வி: 12 வருடமாக மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது 54 கிலோ, இப்போது 71. டியூட்டியில் உட்காரவே நேரம் இருக்காது, போனில் பார்த்தால் 8,000 அடிகள் காட்டுகிறது. மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. இவ்வளவு நடந்தும் ஏன் எடை ஏறுகிறது? பேஷன்ட்டிடம் 'எடையைக் குறையுங்கள்' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: அந்தக் கூச்சத்தை முதலில் விடுங்கள், சகோதரி. உங்கள் வேலை அப்படிப்பட்டது.

8,000 அடிகள் குறைவில்லை. ஆனால் 8 மணி நேரத்துக்குப் பிரித்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 17 அடிகூட வராது. வேகநடை என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேண்டும். வார்டில் நாலு கட்டில் தாண்டி நடப்பீர்கள், ஊசி போட நிற்பீர்கள், சார்ட் எழுதுவீர்கள், பேஷன்ட்டைத் திருப்பிப் படுக்க வைக்கக் குனிவீர்கள், மறுபடி நடப்பீர்கள். கால் ஓய்ந்துபோகும், இடுப்பு வலிக்கும், ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி தொடர்ந்து எதுவும் இருக்காது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய காரணம் நைட் டியூட்டிதான். இரவில் இன்சுலின் பகலில் போல வேலை செய்வதில்லை, அதே சாப்பாட்டை நள்ளிரவு 2 மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். பகல் தூக்கமும் துண்டு துண்டாகப் போனால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறையும். விடியற்காலையில் இனிப்பாக ஏதாவது வேண்டும் போலிருக்குமே, தூங்காத உடம்பு கேட்பதுதான் அது.

அதனால் முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலை நன்றாக மறைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள், அந்த நேரத்தில் எழுப்பக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் நள்ளிரவுக்கு மேல் லேசாக ஏதாவது போதும்.

சரி, உடற்பயிற்சி? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லியிருந்தார்கள், 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். லிஃப்டை விட்டு இரண்டு மாடி வேகமாக ஏறினாலும் கணக்குதான். வாரம் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும், பேஷன்ட்டைத் தூக்கி இறக்குகிற உங்களுக்கு அது இடுப்புக்கும் நல்லது. நைட் முடிந்து தள்ளாடி வரும் நாளில் மட்டும் வேண்டாம், தூங்குங்கள்.

தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நைட் டியூட்டிகளைத் தொடர்ச்சியாகப் போடாமல் குறைக்கச் சொல்லி, உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்தே மேலாளரிடம் கேளுங்கள். இதே எடை அவர்களுக்கும் ஏறிக்கொண்டிருக்கும்.