டீச்சரம்மா பதில்கள்: ஆர்.சி. வீட்டுப் பெண், சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை

கேள்வி: நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) குடும்பம். மகள் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) பையனை விரும்புகிறாள். "ரெண்டும் வேதக்காரங்கதானே, என்ன பெரிய வித்தியாசம்?" என்கிறாள். மாறச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம்.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்து, உங்கள் ஊர் ஆர்.சி. வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். உங்கள் பக்கமும் பேசுவேன், மாப்பிள்ளை பக்கமும் பேசுவேன்.

யாரும் மாற வேண்டாம் அம்மா. தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தை இரு சபையும் ஏற்கின்றன. பையனுக்கு மறுபடி கொடுக்க மாட்டார்கள். பங்குச்சாமியார் மூலம் ஆயரின் (பிஷப்) அனுமதி வாங்க வேண்டும். சி.எஸ்.ஐ. கோயிலில் கல்யாணம் என்றால் அதற்குத் தனி விலக்கு வேண்டும். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று உங்கள் மகள் வாக்குக் கொடுக்க வேண்டும். 1970-க்கு முன்பு மாப்பிள்ளையும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவருக்குத் தெரிவித்தால் போதும். ஆனால் நீங்கள் அதோடு விட்டுவிடாதீர்கள். அவர்கள் சபைப் போதகரான ஐயருக்கும் தன் சபைப் பிள்ளை தன் சபையில் இருக்க வேண்டும் என்றுதானே இருக்கும்? பேரப்பிள்ளைக்கு எந்தக் கோயில் என்பதை ஓலை வாசிக்கும் (கோயிலில் கல்யாண அறிவிப்புச் செய்யும்) முன்பே பேசி முடியுங்கள்.

மாதாவை வைத்துத்தான் சண்டை வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வரும், அடங்கியும் விடும். மாமியார் ஜெபமாலை சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு என் பிறந்த வீட்டார் வருவார்கள். எங்கள் ஊர் அசனப் பந்தியில் (கோயில் விருந்தில்) இவர்கள் உட்காருவார்கள்.

பூசையில் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை அப்படி அல்ல. ஆர்.சி. கோயிலுக்குள் நுழைகிறவர் ஒரு முழங்காலை மடக்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு எரிகிற அந்தப் பேழைக்குள் ஆண்டவரே இருக்கிறார், அப்பமும் ரசமும் உண்மையாகவே அவர் உடலாகவும் இரத்தமாகவும் மாறிவிட்டன என்பது நம்பிக்கை. சி.எஸ்.ஐ. அவ்வளவு தூரம் போகாது. விசுவாசத்தோடு வாங்குகிறவர் கிறிஸ்துவைப் பெறுகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் கல்யாணப் பூசையில் பெண்ணுக்கு நன்மை (நற்கருணை) கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையைத் தாண்டிப் போவார் சாமியார். சம்பந்தி வீட்டார் முகம் வாடும். பூசை இல்லாத திருமணச் சடங்கும் திருச்சபையில் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், வித்தியாசம் முழுசாகத் தெரிவது சாவு வீட்டில். என் அப்பா இறந்து முப்பதாம் நாள், என் வீட்டுக்காரர் பாசத்தோடு அவருக்காகப் பூசைக்குக் கொடுத்தார். கோயிலில் பெயர் வாசித்தார்கள். விஷயம் தெரிந்து அண்ணன் போன் பண்ணினான்: "அப்பா ஆண்டவர் கையில இருக்காரு. இனிமே அவருக்கு எதுக்கு ஜெபம்?" என் வீட்டுக்காரர், "உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிற ஆத்துமாவுக்கு நம்மள விட்டா யாரு வேண்டுவா?" என்றார். மோட்சம் போகுமுன் ஆத்துமா தூய்மையாகும் நிலை என்று ஆர்.சி. நம்புவதுதான் உத்தரிக்கிற ஸ்தலம்; சி.எஸ்.ஐ. அதை ஏற்பதில்லை. கல்லறைக்கு இரண்டு பேரும்தான் பூ கொண்டுபோகிறார்கள். ஒருவர் இறந்தவருக்காக மன்றாடுகிறார். மற்றவர் வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் கிளப்பி, புராட்டஸ்டண்ட் சபைகள் பிரியக் காரணமான சண்டையே இந்த இடத்தில்தான் தொடங்கியது: ஆத்துமாக்களின் தண்டனை குறையும் என்று சொல்லிக் காசுக்குச் சீட்டு விற்றார்கள். விற்பனை எப்போதோ நின்றுபோனது. கேள்வி மட்டும் எங்கள் வீட்டு போன் வரை வந்துவிட்டது. மகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். காதலிக்கிற வயதில் சாவு வீட்டை யார் நினைக்கிறார்கள்?

கேள்வி: பெண்கள் குருவாகலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஆர்.சி.யில் முடியாது. சி.எஸ்.ஐ.யில் முடியும், 2013-இல் புஷ்பலலிதா ஆந்திராவின் நந்தியால் பேராயராகவே (பிஷப்) ஆனார்.

கேள்வி: வேதாகமப் போட்டியில் ஆறாம் கட்டளை "கொலை செய்யாதே" என்று என் பையன் எழுதினான். தவறு, அது "விபசாரம் செய்யாதே" என்று மார்க் குறைத்துவிட்டார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ.
– ஒரு தகப்பனார், நாசரேத்

போட்டி நடத்தியது ஆர்.சி. பள்ளியாக இருக்கும். யாத்திராகமம் 20-இல் கட்டளைகளுக்கு எண் கிடையாது. எண் போட்டது பின்னால் வந்தவர்கள். சுரூபம் (வணங்குவதற்கான சிலை) செய்யாதே என்பதை உங்கள் சபை இரண்டாம் கட்டளையாகத் தனியே எண்ணுகிறது. ஆர்.சி. அதை முதல் கட்டளைக்குள் அடக்கி, கடைசியில் பிறர் மனைவியையும் பிறர் உடைமையையும் விரும்பாதே என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறது. கட்டளையையே எடுத்துவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்வது தவறு. அவர்கள் பைபிளிலும் அது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், லூத்தர் சபையாரும் ஆர்.சி. எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். லூத்தர் சபையார் இருக்கும் தரங்கம்பாடிப் பக்கம் போட்டி நடந்திருந்தாலும் உங்கள் பையனுக்கு மார்க் போயிருக்கும். விடைத்தாளோடு பள்ளிக்குப் போய் மார்க்கைக் கேளுங்கள்.