கலைச் சந்தையில் மனதுக்குப் பிடித்த படைப்பைக் கண்டடைவது: கேள்வி பதில்

சென்னையில் ஓவியங்களுக்கும் அச்சுப் படங்களுக்கும் சட்டம் போடும் தொழிலில் இருக்கிறேன். டெல்லியின் இந்தியா ஆர்ட் ஃபேர், பெங்களூரின் சித்ர சந்தே ஆகிய கலைச் சந்தைகள் இரண்டுக்கும் தவறாமல் போகிறவன். இன்றைய கலைஞர்களின் படைப்புகளை நேரில் பார்த்து, தமக்கென ஒன்றைக் கண்டடைய விரும்பும் சிலர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, முதல்முறையாக டெல்லி கலைச் சந்தைக்குப் போகப்போகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? (கவின்கலைக் கல்லூரி மாணவி, சென்னை)

முடியாது தங்கச்சி, முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2008-இல் பிரகதி மைதானத்தில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கேலரிகளோடு தொடங்கிய சந்தை அது. இப்போது ஓக்லா என்எஸ்ஐசி மைதானத்தில் பெரிய கூடாரங்களில் நடக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகள். ஓக்லா என்எஸ்ஐசி மெட்ரோ நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

முதல் சுற்றை வேகமாக நடந்துவிடுங்கள். பெயர்ப் பலகை படிக்க வேண்டாம், கைப்பேசியை எடுக்க வேண்டாம். பிறகு வெளியே உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துக்கொண்டே, எது நினைவில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறு படைப்புகள்தான் வரும். இரண்டாம் சுற்றில் அவற்றிடம் மட்டும் போங்கள். படம் எடுத்துக்கொண்டே நடந்தால் எல்லாம் கைப்பேசியில் இருக்கும், உங்களிடம் எதுவும் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடைபாதையைப் பார்த்த சுவரில் கேலரிகள் பெரிய, பளிச்சென்ற படைப்புகளை மாட்டுவார்கள். தூரத்திலிருந்து ஆளை நிறுத்துவதற்காக அது. எனக்குப் பிடித்தவற்றில் பெரும்பாலானவை உள்ளே, பக்கவாட்டுச் சுவரில், இடுப்பளவு உயரத்தில் தொங்கிய சிறிய தாள்கள்தான். பல அரங்குகளில் மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கும். சுவரில் இடம் கிடைக்காத படைப்புகளை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "உள்ளே இருப்பதைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு காட்டுகிறவர்கள் நிறைய பேர்.

ஐயா, நவீன ஓவியம் எனக்குப் புரிவதே இல்லை. அருகில் எழுதி வைத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் இன்னும் குழப்பமாகிறது. புரியாமலே ஒன்று பிடித்துப்போகலாமா? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

தாராளமாகப் பிடித்துப்போகலாம். விளக்கத்தை விட்டுவிட்டு அதன் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரே வரியைப் படியுங்கள்: எதனால் செய்தது என்ற வரி. எனக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

பெனிதா பெர்சியல் திருவண்ணாமலையில் பிறந்து சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2014-இல், ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கொச்சி பினாலே கலைக்காட்சியில் அவருடைய சிற்பங்கள் இருந்த அறைக்குள் நுழைந்தால், கண்ணுக்கு முன் மூக்குதான் விழித்துக்கொள்ளும். குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசின், மரப்பட்டைப் பொடி, வாசனைப் பொருள்கள் இவற்றைக் குழைத்துச் செய்த விவிலிய உருவங்கள் அவை. மேல்நாட்டு மதம் என்று பலர் எண்ணும் ஒன்று, நம் கரையில் ஏறி இறங்கிய வாசனைச் சரக்கின் மணத்தோடு நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தக் கலைக் கோட்பாடும் வேண்டாம்.

பிரபாகர் பாச்புதேவும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர், கரிக்கட்டியால் சுவர் முழுக்க வரைகிறவர். சுரங்கத் தொழிலாளியின் உடலில் படிந்த அதே கறுப்பில் அந்தத் தொழிலாளியை வரைகிறார். "எதனால் செய்தது, ஏன் அதனால் செய்தார்?" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள் ஐயா. மீதிப் பாதி புரியாமலே இருந்தாலும் குறையில்லை.

சுவரில் வாழைப்பழத்தை ஒட்டிவைத்துக் கோடிக்கணக்கில் விற்றார்களே, அதுவும் கலையா? (சேலம்)

மௌரிசியோ கட்டெலான் 2019-இல் மயாமி கடற்கரை ஆர்ட் பாசல் சந்தையில் ஒட்டிய பழம் அது. அப்போது விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் ஏலத்தில் ஏறத்தாழ 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு பழமும் ஒட்டும் நாடாவும் ஒரு சான்றிதழும் எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான், பழத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கலைதான் என்பேன். ஆனால் அதற்கு முன்னால் நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டேன். அந்தச் செய்தியை வைத்துச் சந்தை முழுவதையும் எடைபோடாதீர்கள். அதே கூடாரத்தில் ஆண்டுக் கணக்கில் ஒரே தாளோடு போராடியவர்களும் மாட்டியிருப்பார்கள்.

எங்கள் மண்ணின் கலைஞர்களை இப்படியான இடங்களில் காண முடிகிறதா? (யாழ்ப்பாணம்)

முடிகிறது, முன்பைவிட அதிகமாகவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தா. சனாதனன் 2011-இல் செய்த 'முடிவுறாத் தோம்பு' என்ற கலை நூலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தாங்களே வரைந்த தரைப்படம், அதையே கட்டடக்கலை முறையில் திருத்தமாக வரைந்த படம், அவர்கள் சொன்னதைக் கேட்டு சனாதனன் வரைந்த படம் என்று ஒவ்வொரு வீடும் அடுக்கடுக்காக வரும். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று கை நடுங்கப் போட்ட கோடுகள் அவை. ஒல்லாந்தர் காணிக் கணக்கு எழுதி வைத்த பதிவேட்டின் பெயரை, காணி இழந்தவர்களின் நினைவேட்டுக்குச் சூட்டியிருக்கிறார்.

ஹேமா ஷிரோனியின் தையல் வேலைப்பாடுகளையும் தேடிப் பாருங்கள். துணியில் நூலால் வீடும் இடப்பெயர்வும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தால், முடிந்தால் பின்புறத்தையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். தையலில் முன்பக்கம் சொல்லாததைப் பின்பக்க முடிச்சுகள் சொல்லும்.

அண்ணா, என்னிடம் பதினைந்தாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. இதற்கு உண்மையான ஒரு படைப்பு கிடைக்குமா, அல்லது பிரதி எடுத்த போஸ்டர்தானா? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

உண்மையான படைப்பே கிடைக்கும் அம்மா. டெல்லியில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும், ஆகவே பெங்களூருக்குப் போங்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்தும் சித்ர சந்தே, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையின் நடைபாதையில் விரியும். கலைஞர்களே தங்கள் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள், இடைத்தரகர் கிடையாது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் நிற்க இடமிருக்காது. சாமி படம், இயற்கைக் காட்சி எனப் பழகிய படங்கள் நிறைய இருக்கும். அவற்றைத் தாண்டி, கல்லூரி மாணவர்கள் கோப்புக்குள் வைத்திருக்கும் அச்சுகளைக் கேட்டுப் பாருங்கள்.

கலைஞர் தன் கையால் போடும் அச்சு வேறு, கணினி அச்சுப் பிரதி வேறு. உங்கள் பணத்துக்கு முதல் வகைதான் சரியான இடம். கலைஞர் செப்புத் தகட்டிலோ மரப்பலகையிலோ கல்லிலோ தானே உருவாக்கி, மை தடவி, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுப்பது அது. எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த மெல்லிய பள்ளம் தெரியும், விரல் நுனிக்கும் தட்டுப்படும். தொடும் முன் கேட்டுவிடுங்கள். அதன் கீழ் இடது ஓரத்தில் பென்சிலில் 7/25 என்பதுபோல் இருக்கும்: மொத்தம் இருபத்தைந்து, இது ஏழாவது. வலது ஓரத்தில் கையொப்பம். ஏபி என்று இருந்தால் கலைஞர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. கணினியில் அச்சடித்த தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சீராகத் தெளித்த வண்ணப் புள்ளிகள் தெரியும். அதுவும் மோசமில்லை, ஆனால் எட்சிங் விலைக்கு அதை வாங்காதீர்கள்.

சென்னையிலேயே கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் இரண்டிலும் கண்காட்சிகள் நடக்கும். முதலில் இங்கெல்லாம் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால் தடுமாற்றம் இருக்காது.

விலை கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பெரும்பாலும் எழுதி வைப்பதும் இல்லை. (மதுரை)

கேளுங்கள். "விலைப் பட்டியல் இருக்கிறதா?" என்றால் போதும், பல அரங்குகளில் அச்சிட்டே வைத்திருப்பார்கள். அருகில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது. விலையில் சரிபாதிவரை கேலரிக்குப் போவது பொதுவான வழக்கம், மீதி கலைஞருக்கு. 2025 செப்டம்பர் முதல் கலைப் படைப்புகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, சொல்லும் விலையில் அது சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேலரியில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், தவறில்லை. நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் பேரம் பேசாதீர்கள்.

ஒரு எட்சிங் வாங்கிவிட்டேன். வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். எப்படிச் சட்டம் போடுவது? (சென்னை)

இது என் தொழில், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். முதலில், ஓரத்தை ஒருபோதும் வெட்டவிடாதீர்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கத்தரித்து, எண்ணும் கையொப்பமும் பாதி போன அச்சுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. லேமினேஷன் என்ற பேச்சே வேண்டாம்.

சாதாரண அட்டையிலும் ஹார்ட்போர்டிலும் அமிலம் உண்டு. சில ஆண்டுகளில் தாளின் ஓரம் தேநீர் நிறமாகிவிடும். அமிலமற்ற மவுண்ட் அட்டை என்று கேட்டு வாங்குங்கள்: தாளுக்குப் பின்னால் ஒன்று, முன்னால் சன்னல்போல் வெட்டியது ஒன்று. தாளை செல்லோ டேப்பால் ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறிய ஜப்பானியத் தாள் பட்டைகள், கோதுமை மாவுச்சத்துப் பசை, அவ்வளவுதான். அடிப்பகுதி சும்மா தொங்க வேண்டும். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் அலை அலையாக நெளிந்துவிடும்.

கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. மவுண்ட் அட்டையின் தடிமன் அந்த இடைவெளியைத் தரும். புற ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடி விலை கூடுதல், ஆனால் வாங்குங்கள். மாட்டும் இடம்: வெளிச்சுவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தை உறிஞ்சிச் சட்டத்தின் முதுகுக்குக் கொடுக்கும், தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். உட்சுவரில், சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகள் ஒட்டி, பின்னால் காற்று ஓட விட்டு மாட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறம் பாருங்கள்.

சந்தைகளில் பார்த்தவற்றில் உங்களுக்கு மிகப் பிடித்தது எது? (சிங்கப்பூர்)

ஜரீனாவின் 'வீடென்பது அந்நிய இடம்'. 1999-இல் செய்தது, 36 மர அச்சுகள் கொண்ட தொகுப்பு. அலிகரில் 1937-இல் பிறந்து, ஊர் ஊராக வாழ்ந்து, 2020-இல் லண்டனில் மறைந்தவர். ஒவ்வொரு தாளிலும் ஓர் உருதுச் சொல், அதற்கொரு கறுப்பு வடிவம்: வீடு, வாசற்படி, கதவு, முற்றம், சுவர், எல்லை. வண்ணமே இல்லை. ஓர் அரங்கின் உட்சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். எனக்கு உருது தெரியாது. தொழில் புத்தியில் முதலில் தாளைத்தான் பார்த்தேன்: மெல்லிய ஜப்பானியத் தாளில் எடுத்த அச்சைத் தடித்த தாளில் அப்படியே பதித்திருக்கிறார், சுருக்கம் ஒன்றுகூட இல்லை. பிறகுதான் கோடுகளுக்கு வந்தேன். வெறும் நான்கைந்து நேர்கோடுகள் முற்றமாகிவிடுகின்றன. மரத்தைச் செதுக்கிய கத்தி எங்கே திரும்பியது என்று தெரியும் அளவுக்கு அருகில் நின்றேன். கூட்டம் தள்ளிக்கொண்டே போனது, நான் நகரவில்லை.

வாங்கும் வசதி எனக்கு இல்லை, அதனால் அது எனக்குப் பிடித்தது இல்லை என்று ஆகிவிடாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள், காட்சியில் வைத்திருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் வாங்கிய ஓவியத்தை மகளின் திருமண அழைப்பிதழில் அச்சிடலாமா? காசு கொடுத்து வாங்கியதுதானே? (ஈரோடு)

ஓவியம் உங்களுடையது, பதிப்புரிமை கலைஞருடையது. எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. படைப்பைச் சிதைக்காதிருக்கக் கேட்கும் உரிமையும் அவரிடமே தங்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியின் அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசாங்கமே கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சியதைத் திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

ஆகவே கலைஞருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவர் பெயரைப் போடுவதாகவும் சொல்லுங்கள். ஓவியத்தின் ஓரத்தை வெட்டியோ வண்ணத்தை மாற்றியோ அச்சிடுவதாக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ந்து சம்மதிப்பார்கள். திருமணத்துக்கும் அழைத்துவிடுங்கள்.