எஃப்சி முடித்த 15 வருட ஆல்டோவை நம்பி வாங்கலாமா?

2010 மாடல் ஆல்டோ, சென்னைப் பதிவு. 15 வருஷம் முடிந்ததும் எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டி, 2030 வரை ஆர்சி புதுப்பித்தாயிற்று. "அரசாங்கமே ஓகே சொன்ன வண்டி, இன்னும் 5 வருஷத்துக்குக் கவலையில்லை" என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

ஆர்சி செல்லும் என்பதற்கு அந்தத் தேதி உத்தரவாதம். வண்டிக்கு அது உத்தரவாதம் ஆகாது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்தில் முடியும்; படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். காட்டுகிற அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிடுவார். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், நம்பர் பிளேட், டயர், பாடி எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பார். கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம். ரோலரில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் அளக்கும் தானியங்கி மையத்தில் சோதித்திருந்தால் மதிப்பு கூடுதல். ஆனால் எங்கே காட்டினாலும் கார்ப்பெட்டைத் தூக்கி யாரும் பார்ப்பதில்லை, டிரம்மைக் கழற்றுவதும் இல்லை.

எஃப்சிக்கு ரெடி பண்ணுவது பட்டறைகளில் தனி வேலை. டிங்கரிங், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), பெயின்ட், அடியில் கறுப்பு அண்டர்கோட் என்று ஒரு வாரத்தில் வண்டி பளபளத்துவிடும். அதனால் சமீபத்தில் எஃப்சி முடித்த பழைய காரை, முடிக்காத காரைவிடக் கூடுதல் கவனத்தோடுதான் பார்க்க வேண்டும். துரு எல்லாம் புதுப் பூச்சுக்குள் போயிருக்கும்.

துருவிலிருந்தே தொடங்குங்கள். இந்த வயதுச் சின்னக் காரை முடிப்பது அதுதான். கடலோர ஊர் என்றால் இன்னும் வேகம்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, ரன்னிங் போர்டு (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி) ஓரமாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி தடியாகப் போட்ட இடத்தில் நழுவும். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. மண் அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கி அரிக்கும். இது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், கதவை மாற்றிக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும் ஷாக் அப்ஸார்பர் மேல் மவுண்ட். முன் எடை முழுவதும் அதன்மேல்தான். சுற்றியுள்ள தகட்டில் வெடிப்பு, புது வெல்டிங், பிரஷ்ஷால் தடவிய சீலன்ட் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். மவுண்ட் நகர்ந்த காரில் வீல் அலைன்மென்ட் நிற்காது, டயர் ஒருபக்கமாகத் தேயும். இரண்டு, ரன்னிங் போர்டும் பின் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களும். மூன்று, முன் சீட்டுகளுக்குக் கீழுள்ள தரை. ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். மேலே மேட் காய்ந்திருக்கும், கீழே பஞ்சு மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். மேட்டோடு கார்ப்பெட்டையும் தூக்கிக் கையால் அழுத்திப் பாருங்கள்.

அடிப்பாகத்தைப் பார்க்க வாட்டர் வாஷ் கடை ராம்ப் போதும். கழுவுவதற்கு முன் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்தது மழுங்கலாகக் கேட்கும். ராம்ப்புக்கு வர மறுக்கும் விற்பனையாளரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் இந்தக் கார் கண்டிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், மூழ்கிய கார் என்றால் உள்சுற்றில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூழ்கி எழுந்த காரின் வயரிங் சாக்கெட்டுகள் பச்சை பூத்து, வருஷக்கணக்கில் தொல்லை தரும்.

அடுத்து பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். என்ஜினை அணைத்து பெடலை ஐந்தாறு முறை மிதித்து, அழுத்திய காலோடு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ அதற்கான வேக்கூம் குழாயோ போய்விட்டது. அப்படியே அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிற்று. காலி ரோட்டில் 40 வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தால் காலிப்பர் ஜாம் ஆகியிருக்கும். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. நின்றே கிடந்த வண்டிகளில் இது சகஜம், ஏனென்றால் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துச் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலையில் கழியுங்கள். ஆனால் சரிசெய்யாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

ஜாக்கியில் முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் வருகிறதா? ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் அல்லது ராக் தேய்ந்திருக்கும். 12, 6 இடங்களில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல ஓட்டும்போது டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ன் 22-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல் வரிகளின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் கீழே தேயக்கூடாது என்பது சட்டம். பட்டன் நிறைய இருந்தும் ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயர் வெயிலில் காய்ந்தே முடிந்தது. எஃப்சி அன்றைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டும் வழக்கம் உண்டு, ஆகவே ஐந்தையும் பாருங்கள்.

என்ஜினைப் பொறுத்தவரை, 796 சிசி ஆல்டோவில் டைமிங் பெல்ட். 998 சிசி கே10-ல் செயின். பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் கெடும். மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

பதிவு எண்ணை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டு, புதுப்பித்த தேதி உண்மையா, லோன் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். சேஸிஸ் நம்பரை நீங்களே படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். பணம் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். விற்பவர் தெரிவிக்க 14 நாள், நீங்கள் பெயர் மாற்ற 30 நாள்.

கணக்குப் போடும்போது 2030-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.