பழைய காரைப் புதுப்பிக்கும்போது பிரேக் டிரம்முக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு அடிக்க வேண்டும். தெரியாமல் அடித்துவிட்டு ஏலகிரி மலை இறக்கத்தில் மச்சான் முன்னால் அசிங்கப்பட்டவன் நான். அதனால் கேள்வியைப் பார்த்தபிறகு பேசாமல் போக மனசு வரவில்லை.

என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. அம்பாசிடரோ ஃபியட்டோ, எதுவானாலும் கதை ஒன்றுதான். பாடி வேலை முடிந்து வண்டி பளபளவென்று நிற்கும். சக்கரத்தைக் கழற்றினால் துருப்பிடித்த டிரம் பல்லைக் காட்டும். இதற்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தால் என்ன என்று கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1967-இல் அப்பா வாங்கியது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் செய்தது, நம்ம ஊர் கார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், கிண்ணம் மாதிரியான வார்ப்பிரும்பு. பிரேக் போட்டால் ஷூ என்கிற வளைந்த கட்டைகள் அதன் உள்பக்கத்தில் உரசி வண்டியை நிறுத்தும். சென்னைக் காற்றில் கழுவித் துடைத்து வைத்தாலே ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பு பூத்துவிடும்.

கீழே பார்க்கிங்கில் வேலை செய்ய முடியாததால் டிரம்களை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் முடியாது என்றால், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் 'பயன்படுத்தாத வாகனங்களை உடனே அகற்றவும்' என்று என் கார் கண்ணாடியிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பசை இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் வீட்டு உடைந்த சோபா மூன்று வருடமாக மாடிப்படித் திருப்பத்தில் கிடக்கிறது, அதற்கு நோட்டீஸ் கிடையாது. அதில் முட்டியை இடித்துக்கொள்ளாமல் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். சரி, விடுங்கள்.

வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மீதி சிவப்பு எனாமல் அரை டப்பா இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், மூன்று கோட்டிங் அடித்தேன். இடுக்கு விடாமல் அடித்ததில் எனக்கு ஒரே பெருமை. சக்கரம் வந்து உட்காரும் முகத்திலும் வழவழவென்று பூசியிருந்தேன். உள் விளிம்பிலும் கொஞ்சம் வழிந்திருந்தது. மனைவி பார்த்துவிட்டு, "குங்குமச் சிமிழ் மாதிரி இருக்கு" என்றாள். சக்கரத்தின் நடு மூடியான ஹப் கேப்பை மாட்டிய பிறகு அந்தச் சிமிழ் யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரமே ஏலகிரி. ஏறும்போது ராஜா மாதிரி ஏறியது. ஹெரால்டின் திரும்பும் வட்டம் 25 அடிதான். பதினாலு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே மூச்சில் திரும்புவதைப் பார்த்து மச்சானே வாயடைத்துப் போனார். இறங்கும்போதுதான் வந்தது வினை. இரண்டாவது கியரில் விட்டிருக்க வேண்டியதை, பேச்சு சுவாரசியத்தில் மூன்றாவதிலேயே வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். முதலில் பிளாஸ்டிக் எரிகிற மாதிரி ஒரு நாற்றம். அப்புறம் பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. அதன் பிறகு முன்சக்கரத்திலிருந்து டக்... டக்... என்று சத்தம்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. ஹப் கேப்பைக் கழற்றினால், வீல் நட் ஒன்றை வெறும் விரலாலேயே அரைச் சுற்று திருப்ப முடிந்தது. பக்கத்து நட்டும் அப்படியே. சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவே கெட்டியாக இருந்த எனாமல் சூட்டில் இளகி, நசுங்கி, ஓரத்தில் சிவப்பாகப் பிதுங்கி நின்றது. அந்த அளவுக்கு நட்டின் பிடி விட்டிருந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஆறவிட்டு, நட்டுகளை இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம். புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், கேட்டுக்கு அடிக்கிறத கேட்டுக்கு மட்டும் அடிங்க" என்றார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் சிவப்பு ஒட்டிக் கருகியிருந்தது. மண்ணெண்ணெயிலும் கழுவியிருக்கக் கூடாதாம், எண்ணெய்ப் பசை நின்றுவிடுமாம். லைனிங் மாற்றி, டிரம்களை லேத்தில் லேசாகக் கடைந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

இப்போது எப்படி அடிப்பது என்பதற்கு வருகிறேன். பழைய வண்டி லைனிங்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துருவை எடுத்தபின் தின்னரால் துடையுங்கள். ஷூ உரசும் உள்பக்கம், சக்கரம் உட்காரும் முகம் இரண்டையும் நியூஸ்பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் வைத்து மூடிவிடுங்கள். மீதி வெளிப்பக்கத்துக்கு மட்டும் வெப்பம் தாங்கும் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட்டிங் போதும். எத்தனை டிகிரி தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். 200 போதாது, 400-க்குக் குறையாமல் வாங்குங்கள். உள்ளே பூக்கும் லேசான துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் போட்டால் ஷூவே அதைத் தேய்த்துவிடும். சக்கரத்தை மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

"பெயிண்ட் அடித்தால் சூடு வெளியேறாது" என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் கட்டாயம் வருவார். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் வார்ப்பிரும்பின் மேல் மெல்லிய பெயிண்ட் படலம் அப்படி ஒன்றும் தடுத்துவிடாது. பளபளப்பான வெறும் உலோகத்தைவிடக் கறுப்புப் பரப்பு வெப்பத்தை நன்றாகவே கதிர்வீசும். கெட்டியாகப் படியும் பவுடர் கோட்டிங் என்றால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, டிரம்முக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். "டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுங்கள்" என்று வருபவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் புது வண்டியே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் டிரம் இப்போது கறுப்பு. சிவப்பு எனாமல் இன்னும் கால் டப்பா இருக்கிறது. செயலாளரின் சோபாவுக்கு வேண்டுமானால் தருகிறேன்.